குதிரைப்படையில் நான் செத்த கதை

குதிரையில் ஏறுவது பெரிய காரியம் இல்லை. பின்னால் நின்று யாராவது தள்ளிவிட்டால் ஏறிவிடலாம். இறங்குவதும் பெரிய காரியம் இல்லை. நாம் நினைக்காத நேரத்தில் அது தானாகவே நடந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் மனிதனைப் பாடாய்ப் படுத்துவது. அந்த நேரத்தில் ஒரு கையில் கொடியும், தலையில் நீலத் தொப்பியும், வாயில் பிஸ்கட்டுமாக ஒருவன் இருந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுபதுகளில், சிட்னியில், நான் அமெரிக்கக் குதிரைப்படைச் சிப்பாயாக இருந்தேன்.

(சிரிக்க வேண்டாம். சம்பளம் வாங்கினேன்.)

நான் நெடுந்தீவில் பிறந்தவன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பொறுக்கவில்லை. நானும் அதைப் பொறுக்கவில்லை. திருகோணமலையில் ஒரு பேக்கரி, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை, பிறகு ஒரு சரக்குக் கப்பலில் துரு சுரண்டும் வேலை. அந்தக் கப்பல் சிட்னித் துறைமுகத்தில் இயந்திரம் பழுதாகி நின்றது. கப்பல் முதலாளி அதை நின்ற இடத்திலேயே விற்றுவிட்டார். எங்களை விற்க முடியாதபடியால் இறக்கிவிட்டார். மற்றவர்கள் வேறு கப்பல் பிடித்துப் போனார்கள். எனக்கு இன்னொரு கப்பலின் துருவைப் பார்க்கும் தெம்பு இல்லை. கொஞ்ச நாள் தங்க அனுமதி கிடைத்தது. தங்கினேன்.

சிட்னியிலேயே மெரிலேண்ட்ஸ் என்ற பகுதியில் சிவகுரு அண்ணை என்ற தமிழர் தன்னுடைய கார்க் கொட்டகையில் எனக்குப் படுக்க இடம் தந்தார். அவர் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தார். மனைவி பூமணி அக்கா என்னைக் கண்ட நாள் முதல் நான் மெலிந்துபோனதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார்.

"தம்பி, உன்ர அனுமதி முடியப்போகுது. தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"ஓம் எண்டு சொன்னாப் போதாது. ஆரேனும் ஒரு முதலாளி குடிவரவுக் கந்தோருக்குப் போன் பண்ணி, 'இவன் எனக்கு வேணும்' எண்டு சொல்லவேணும். இல்லாட்டி உன்னை ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

ஏற்றி அனுப்பினால் இறங்குவதற்கு எனக்கு ஒரு இடம் இல்லை. ஊரில் என் பங்குக் காணியில் அண்ணன் வீடு கட்டியிருந்தான். கொழும்புச் சாப்பாட்டுக் கடை இப்போது சைக்கிள் கடை என்று கேள்வி. அன்றிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் குடிவரவு அலுவலக ஆள் என்று பதுங்குவேன். பால்காரர் கூட என்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர் மாதிரித்தான் தெரிந்தார்.

அந்த நேரத்தில்தான் அண்ணையின் பட்டறையில் யாரோ கெவினைப் பற்றிச் சொன்னார்கள். கெவின் பழைய கார் விற்றுப் பணம் பார்த்தவர். பிளாக்டவுனுக்கு அப்பால், அப்போது வெறும் புல்வெளியாகக் கிடந்த இடத்தில், மரக்குற்றிகளை நட்டு ஒரு அமெரிக்க எல்லைப்புறக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வந்து, குதிரைப்படைக்கும் கொள்ளைக்காரருக்கும் நடக்கும் சண்டையைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். கெவின் அமெரிக்காவுக்குப் போனதில்லை. அதனால் அவருக்கு அதைப்பற்றிச் சந்தேகமே இருக்கவில்லை.

"குதிரை ஓட்டத் தெரியுமா, நண்பா?" என்று கேட்டார். (அவர் பேசியது ஆங்கிலம். வசவுகளை எடுத்துவிட்டுத் தமிழில் தருகிறேன். அதனால் அவர் பேச்சு பாதியாகக் குறைந்திருக்கும்.)

"எங்கள் தீவில் காட்டுக் குதிரைகள் இருக்கின்றன" என்றேன்.

இது பொய் இல்லை. நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் உண்டு. வெள்ளைக்காரர் எப்போதோ விட்டுப்போனவை. அவை ஒரு பக்கம் மேயும். நாங்கள் ஒரு பக்கம் இருப்போம். ஒருவர் வழியில் மற்றவர் போவதில்லை.

கெவின் விசிலடித்தார். "காட்டுக் குதிரையா? சேணம் போட்டா, போடாமலா?"

"அங்கே யாரும் சேணம் போடுவதில்லை" என்றேன். இதுவும் உண்மை.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். என் அனுமதி விஷயத்தைச் சொன்னேன். "திறப்புவிழா நல்லபடியாக முடியட்டும். மறுநாளே போன் பண்ணுகிறேன். முடியாவிட்டால்..." என்று சொல்லி, விமானம் கிளம்புவதுபோல் கையை மேலே காட்டினார். நானும் சிரித்தேன்.

கெவினுக்கு ஒரு கொள்கை இருந்தது. குதிரைப்படை வீரனாக நடிக்க வேண்டுமென்றால் குதிரைப்படை வீரனாகவே வாழ வேண்டும். ஆகவே நாங்கள் கூடாரத்தில் படுத்தோம். விடியும்போது ஊதுகொம்புச் சத்தம். அது ஒலிநாடாவில் வரும். நாடா சிக்கினால் கொம்பு அழும். எழுந்ததும் குதிரை லாயத்தில் சாணி அள்ள வேண்டும். அதன் பிறகு காலைச் சாப்பாடு: அவித்த அவரை விதை, கூடவே மாவையும் தண்ணீரையும் குழைத்துச் சுட்ட ஒரு பிஸ்கட். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் இதைத்தான் தின்றார்கள் என்று கெவின் சொன்னார். அதை மேசையில் தட்டினால் மேசையில் தழும்பு விழும். மத்தியானமும் அவரை விதை. இரவும் அதுவே. என்னோடு இருந்த மற்றச் சிப்பாய்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்கு இது விடுமுறை விளையாட்டு. எனக்குக் கப்பலை விட இது பரவாயில்லை, கூடாரம் ஆடாது.

உடுப்பு நீலக் கம்பளித் துணி. சிட்னி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால், அமெரிக்கச் சிப்பாய்கள் ஏன் கோபக்காரர்களாக இருந்தார்கள் என்று விளங்கும். சப்பாத்து எனக்குப் பெரிது. உள்ளே பழைய பத்திரிகை அடைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த குதிரைக்குக் கேணல் என்று பெயர், படையில் அது பெரிய பதவி. சாதாரணச் சிப்பாய் ஒரு கேணலின் முதுகில் ஏறுவது எந்தப் படையிலும் நடக்காத காரியம். கேணலுக்கும் அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். குதிரைகளுக்குப் பொறுப்பு ஷெர்லி. ஒல்லியான பெண், நாற்பது வயதிருக்கும். குதிரைகளோடு மனிதரிடம் பேசுவதுபோலவும், மனிதரோடு குதிரைகளிடம் பேசுவதுபோலவும் பேசுவார்.

முதல் நாளே என்னை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நான் கேணலின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"உங்கள் தீவில் இப்படித்தான் ஓட்டுவார்களா?"

"ஆரம்பத்தில் மட்டும்" என்றேன்.

கெவினிடம் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆள் பற்றாக்குறையாக இருந்திருக்கலாம். தினமும் மாலையில் என்னைத் தனியாகப் பழக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்காரக் கற்றேன். உட்காரும் பாகம் புண்ணாகி, இரவில் குப்புறப் படுக்கவும் கற்றேன்.

ஆனால் ஒரு பிரச்சினை தீரவே இல்லை. நில் என்று நிறுத்திவைத்த கேணல், நான் ஒன்றும் செய்யாமலே திடீரென்று நடக்கும். ஒருநாள் ஷெர்லி பேச்சுவாக்கில், தன் தம்பி குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்து ஒரு வருடம் படுக்கையில் கிடந்ததைச் சொன்னார். உடனே கேணல் கிளம்பிவிட்டது. திரும்பி வந்ததும், அந்தத் தம்பியின் பெண்சாதி அவனை விட்டுப் போனதைச் சொன்னார். மறுபடியும் கிளம்பியது. இந்தக் குதிரைக்கு ஈவிரக்கமே இல்லையா என்று நினைத்தேன்.

ஷெர்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "நீ வாயால் என்ன செய்கிறாய்?"

"ஒன்றுமில்லையே."

"செய்கிறாய். நான் சோகமாக ஏதாவது சொன்னால் ஒரு சத்தம் போடுகிறாய்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உச்சுக் கொட்டியிருக்கிறேன். ஒருவர் துன்பத்தைச் சொன்னால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சு, ச்சு' என்று இழுப்போமே, அது. யாரும் சொல்லித் தந்து வருவதில்லை, தாய்ப்பாலோடு வருவது. ஆனால் அந்த நாட்டுக் குதிரைகளை அதே சத்தத்தை வைத்துத்தான் 'நட' என்று பழக்குகிறார்களாம். இன்னும் பலமாகக் கொட்டினால் ஓட வேண்டும். நான் பரிதாபப்படப் பட, கேணல் கட்டளைக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது.

"நிறுத்து" என்றார் ஷெர்லி.

நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. நிறுத்த முடியவில்லையே என்று நினைத்து உச்சுக் கொட்டினேன். கேணல் கிளம்பியது.

கடைசியில் ஷெர்லியே வழி கண்டுபிடித்தார். கெவினின் பிஸ்கட் ஒன்றை என் பற்களுக்கு நடுவே திணித்தார். நாக்கு அசைய இடமில்லை. அந்தப் பிஸ்கட் கரையவும் கரையாது. கேணல் சிலைபோல் நின்றது. குதிரைப்படையின் உணவு முதல்முறையாக யாருக்கோ பயன்பட்டது.

திறப்புவிழா நாளில் எனக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. நாடகத்தில் என் வேலை சின்னது, ஆனால் முக்கியமானது. கொள்ளைக்காரர் கோட்டையைத் தாக்குவார்கள். கப்டன் சுடப்பட்டு விழுவார். கப்டன் வேறு யாருமில்லை, கெவின்தான். அவர் நீண்ட ஒரு கடைசிப் பேச்சுப் பேசிவிட்டு உயிரை விடுவார். அந்தப் பேச்சை அவரே எழுதி, கூடாரங்களுக்கு நடுவே நடந்து நடந்து பாடமாக்கியிருந்தார். அதுவரை நாங்கள் எல்லோரும் குதிரைமேல் அசையாமல் அவரைச் சுற்றி நிற்க வேண்டும். அவர் கண்ணை மூடியதும் நான் இறங்கிப்போய்க் கொடியால் அவரை மூட வேண்டும். "ஒருவரும் அசையக் கூடாது. இந்த இடத்தில் சனம் அழும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

அசையாமல் நிற்பது. ஒரு கொடியைப் போர்த்துவது. இதைச் செய்தால் நாளைக்குப் போன் போகும்.

சனம் வரத் தொடங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் குதிரைகள், அந்தப் பக்கம் சனம் உட்காரப் பலகை வாங்குகள். நான் கேணல்மேல் ஏறி, பிஸ்கட்டைப் பல்லிடுக்கில் இறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், முதல் வரிசையில் சிவகுரு அண்ணை. பக்கத்தில் மடியில் கூடையோடு பூமணி அக்கா. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வான் வண்டி நிறைந்த தமிழர்கள். அப்போது சிட்னியில் எங்கள் ஆட்கள் குறைவு. ஒருவர் எங்காவது போனால் எல்லோரும் போவார்கள். வரச்சொன்னதும் நான்தான். முன்னுக்கு இருந்தால் நல்லாகத் தெரியும் என்று சொன்னதும் நான்தான். கையை நீட்டினால் கேணலின் வாலைப் பிடிக்கலாம் போல அவ்வளவு கிட்ட இருந்தார்கள்.

பூமணி அக்கா என்னைக் கண்டுவிட்டார்.

"இஞ்சேருங்கோ, அங்க பாருங்கோ, பிள்ளை என்னமா மெலிஞ்சுபோச்சு! இந்த வெயிலுக்குள்ள கம்பளியையும் போட்டு... ச்சு, ச்சு, ச்சு."

கேணலின் ஒரு காது பின்னால் திரும்பியது.

எனக்கு அந்த இடத்திலேயே வியர்வை நின்றுபோனது. அக்காவை எச்சரிக்க வேண்டும். வாயில் பிஸ்கட். எடுக்கலாமென்றால் ஒரு கையில் கொடி, மறுகையில் கடிவாளம். கண்ணை உருட்டிக் காட்டினேன். புருவத்தை மேலும் கீழும் ஆட்டினேன்.

"ஐயோ, பிள்ளைக்குக் கண் செருகுது!" என்றார் அக்கா. "சாப்பாடு குடுக்கிறேல்லப் போல. வாய்க்குள்ள எதையோ வைச்சு அடைச்சிருக்கிறாங்கள். ச்சு, ச்சு!"

கேணல் ஒரு காலைத் தூக்கி வைத்தது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன். நின்றது.

சண்டை தொடங்கியது. வெடிச் சத்தம், புகை. கெவின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். சரக்குக் கப்பலில் ஒரு மலையாளி கும்பிட்ட தெய்வத்தையும் விடவில்லை.

"என் அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று கெவின் தொடங்கினார்.

"தாயிட்டச் சொல்லச் சொல்லுறார்" என்று அண்ணை பின்னால் இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தார்.

ஒன்றிரண்டு 'ச்சு' கேட்டது. கேணல் தலையை ஆட்டியது. பக்கத்துக் குதிரையும் ஆட்டியது.

"நான் கட்டித் தருவதாகச் சொன்ன வீட்டை... இனிக் கட்ட முடியாது..."

"தாய்க்கு வீடு கட்டிக் குடுக்கேல்லையாம்."

வீடு கட்டாமல் சாவது எங்கள் ஆட்களைத் தொட்ட விஷயம். வரிசை முழுவதும் உச்சுக் கொட்டியது. குதிரைகள் எல்லாம் இடத்திலேயே கால் மாற்றத் தொடங்கின. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கெவின் ஒரு கண்ணை மட்டும் திறந்து, உதடு அசையாமல், "பிடி, பிடி" என்றார். நான் பிஸ்கட்டை இன்னும் இறுக்கினேன். இத்தோடு பேச்சை முடித்துச் செத்துவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அப்படி ஒரு மனிதனின் சாவுக்காக நான் அதற்கு முன்பும் ஏங்கியதில்லை, பின்பும் ஏங்கியதில்லை.

கெவின் சாகவில்லை. நல்ல இடத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"நான் முகமே பார்க்காத என் மகளை... என் பெயர் சொல்லி முத்தமிடுங்கள்..."

அண்ணை பின்னால் திரும்பினார். "பிள்ளையின்ர முகத்தைக் கூடப் பாக்கேல்லையாம்" என்றார்.

அதன் பிறகு எழுந்த சத்தத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அத்தனை தமிழர்களும் ஒரே நேரத்தில், நெஞ்சின் அடியிலிருந்து உச்சுக் கொட்டினார்கள். மழை ஓட்டில் விழுவதுபோல் இருந்தது.

குதிரைப்படை புறப்பட்டது.

கொடிக் குதிரை முன்னால் போனால் மற்றவை பின்னால் வர வேண்டும் என்பது ஷெர்லி கொடுத்த பயிற்சி. நன்றாகத்தான் பழக்கியிருந்தார். கேணல் முன்னால், மற்றவை பின்னால், கோட்டை வாசலால் வெளியேறி, கார்கள் நிற்கும் இடத்தை ஊடறுத்துப் போனோம். நடுவில் செத்துக்கொண்டிருந்த கப்டன் எழுந்து, "திரும்புங்கள்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். கொள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். கொடி என் முகத்தில் சுற்றிக்கொண்டதால் மிச்ச வழியை நான் பார்க்கவில்லை. பிஸ்கட் எங்கே போனது என்று தெரியவில்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் மால்டா நாட்டுக்காரர் ஒருவர் மரக்கறித் தோட்டம் வைத்திருந்தார், பெரும்பாலும் கோவா, அதாவது முட்டைக்கோஸ். கோவாப் பாத்தியைக் கண்டதும் கேணல் நின்றது. நான் நிற்கவில்லை.

மல்லாக்க விழுந்து கிடந்தேன். முதுகின் கீழ் இரண்டு கோவா நசுங்கியிருந்தது. கையும் காலும் அசையும்போலத்தான் இருந்தது. ஆனால் அசைக்கவில்லை. எழும்பினால், வேலை போய்விட்டது என்று கெவின் சொல்வதைக் கேட்க வேண்டும். பிறகு கந்தோர், பிறகு விமானம். கிடந்தால் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. கண்ணை மூடிக் கிடந்தேன்.

ஓடிவரும் சத்தம் கேட்டது. முதலில் வந்தது பூமணி அக்கா, கூடையோடு. என்னைப் பார்த்ததும் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு தொடங்கிவிட்டார்.

"நெடுந்தீவில பிறந்த பிள்ளை, கோவாத் தோட்டத்தில போச்சே! ஐயோ, கோழிக் கறி கொண்டந்தனே, தின்னாமல் போச்சே!"

கெவின் மூச்சு வாங்க வந்து நின்றார். திட்டுவதற்குத் திறந்த வாயை மூடி, தொப்பியைக் கழற்றினார். ஒரு ஈ என் நெற்றியில் இறங்கி, மூக்கு வழியாக நடந்து, மேலுதட்டில் நின்று யோசித்தது. நான் அசையவில்லை. அது மூக்குத் துவாரத்தை எட்டிப் பார்த்தது. அப்போதும் அசையவில்லை. என் பயம் அந்த ஈயை விடப் பெரிது.

"விலாவைப் பார்" என்றார் ஷெர்லி. "மூச்சு வருகிறது."

கண்ணைத் திறந்தேன். அக்கா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினார்.

"எழும்படா எருமை!"

கெவின் அன்றைக்கு என்னைச் சொன்னதையெல்லாம் மொழிபெயர்க்க எனக்குப் படிப்புப் போதாது. இரவு முழுவதும் தூங்கவில்லை. காலையில், கொம்பு அழுவதற்கு முன்பே, என் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கூடார வாசலில் இருந்தேன். கெவின் வந்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த ஈ" என்றார். "மூக்கில் நடந்ததே. எப்படி அசையாமல் கிடந்தாய்?"

"பயம்" என்றேன்.

"என் மாணவர்களைப் பிணமாகப் படுக்கப் போட்டால் சொறிகிறார்கள், சிரிக்கிறார்கள். நீ கிடந்தபோது எனக்கே நெஞ்சு பதறியது." கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படிப் பயப்பட முடியுமா?"

"எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்" என்றேன்.

அன்று காலை, என் முன்னாலேயே, கெவின் குடிவரவுக் கந்தோருக்குப் போன் செய்தார். என் காது முழுவதும் அந்தப் பக்கம்தான். "இவன் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "குதிரைப்படையில்" என்றார். மறுபடி ஏதோ கேட்டார்கள். கெவின் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்லை. இந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் தேடிப் பார்த்துவிட்டோம். உயிரோடு இருப்பவர்களில் இவன் ஒருவன்தான் சரியாகச் செய்கிறான்."

அனுமதி நீண்டது. பிறகு இன்னொரு முறை நீண்டது. அந்தக் கோட்டை இழுத்து மூடப்படும்வரை, சண்டை தொடங்குவதற்கு முன்பே செத்துக் கிடக்கும் சிப்பாய் நான்தான். எறும்பு கடித்தது. பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று உருளைக்கிழங்குப் பொரியல் எறிந்தார்கள். வாய்க்குக் கிட்ட விழுந்ததையும் நான் தொடவில்லை. நான் இந்த நாட்டில் வாழ்வதற்கு இடம் பிடித்தது இப்படித்தான்.

பூமணி அக்காவின் தங்கை ராணியை எனக்குப் பேசியபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து கேட்டார்கள். பிணம் என்று அக்கா எப்படிச் சொல்வார்? "படுத்துக்கொண்டு சம்பளம் வாங்கிற வேலை" என்று சொல்லிவிட்டார். அரசாங்க உத்தியோகம் என்று நினைத்து உடனே சம்மதித்துவிட்டார்கள்.

ராணி வந்து இறங்கி உண்மையைத் தெரிந்துகொண்டு என்னோடு எவ்வளவு நாள் பேசவில்லை என்பது வேறு விஷயம். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்தால் கண் மூடிவிடும். யாராவது போனில் என்னைக் கேட்டால், மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா இஸ் அட் வேர்க்" என்கிறாள். குசினியிலிருந்து ராணி திருத்துகிறாள்: "அவர் டியூட்டியில கிடக்கிறார் எண்டு சொல்லு."

பேரன் அதோடு விடுவதில்லை. கிட்ட வந்து, மூக்கு நுனியில் விரலால் ஈ மாதிரி நடக்கவிட்டுப் பார்க்கிறான்.

நான் அசைவதில்லை. தொழில் சுத்தம்.